சம்பளம் கொடுத்துப் படிக்கவைப்பார்கள்: அமெரிக்க அறிவியல் பிஎச்.டி.க்கு விண்ணப்பிப்பது எப்படி?

"அக்கா, அமெரிக்காவுக்குப் போய் பிஎச்.டி. படிக்க எத்தனை லட்சம் கடன் வாங்க வேண்டியிருக்கும்?" எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படித்த மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள். அவளுடைய அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் பொறியியலில் எம்.எஸ். படிக்க வங்கியில் பெரிய கடன் வாங்கிக்கொண்டு போயிருந்தான். அதைப் பார்த்துவிட்டு இவள் தன் ஆசையை மூட்டைகட்டி வைத்துவிட்டாள். அறிவியல் பிஎச்.டி.க்குக் கல்விக் கட்டணம் நாம் கட்ட வேண்டியதில்லை, அவர்களே மாதாமாதம் பணம் தருவார்கள் என்று நான் சொன்னபோது, ஏதோ ஏமாற்று வேலை என்றுதான் முதலில் நினைத்தாள்.

இந்த ஒரு விஷயம் தெரியாமலேயே எத்தனையோ நல்ல மாணவர்கள் ஒதுங்கிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதில் தீராத ஆதங்கம் உண்டு. ஆகவே பணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

யார் பணம் தருகிறார்கள், ஏன் தருகிறார்கள்?

அமெரிக்காவில் எம்.எஸ். என்பது பெரும்பாலும் மாணவர் தன் காசைக் கொடுத்துப் படிக்கும் படிப்பு. பிஎச்.டி. அப்படியல்ல. வேதியியல், இயற்பியல், உயிரியல், கணிதம், புவியறிவியல் போன்ற துறைகளில் முழுநேர ஆய்வு மாணவருக்குப் பொதுவாக மூன்று கிடைக்கும்: கல்விக் கட்டண விலக்கு, மாத உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு. யாரும் இரக்கப்பட்டு இதைக் கொடுப்பதில்லை. இளநிலை மாணவர்களுக்கு ஆய்வக வகுப்பு எடுப்பதும், விடைத்தாள் திருத்துவதும், பேராசிரியரின் ஆய்வகத்தில் நாள் முழுக்க நின்று பரிசோதனை செய்வதும் இவர்கள்தான். வகுப்பு வேலை பார்ப்பவர் கற்பித்தல் உதவியாளர், சுருக்கமாக டி.ஏ. பேராசிரியரின் ஆய்வுத் திட்ட நிதியிலிருந்து ஊதியம் பெறுபவர் ஆய்வு உதவியாளர், அதாவது ஆர்.ஏ. எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான் வேலை பார்க்கலாம். டி.ஏ. வேலை அந்த வரம்புக்குள் அமையும்.

இதில் ஒரு கசப்பும் உண்டு. அமெரிக்க அரசு தரும் பணத்தில் ஒரு பகுதி வெளிநாட்டு மாணவர்களுக்கு எட்டாது. தேசிய அறிவியல் அறக்கட்டளை தனிப்பட்ட மாணவர்களுக்குத் தரும் புகழ்பெற்ற ஆய்வு உதவித்தொகையும், தேசிய சுகாதார நிறுவனங்கள் துறைகளுக்குத் தரும் பயிற்சி மானியங்களும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. உயிர்மருத்துவத் துறைகள் பல, மாணவரின் முதல் ஓரிரு ஆண்டுகளை அந்தப் பயிற்சி மானியத்தைக் கொண்டு ஓட்டுகின்றன. எனவே வெளிநாட்டவருக்கு அங்கே இடம் குறைவு. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்களில் இன்னொரு சிக்கல்: நம் மாணவர் எத்தனை ஆண்டு அங்கே குடியிருந்தாலும் கட்டணக் கணக்கில் வெளியாள்தான். அவருக்காகத் துறை கூடுதலாகப் பணம் ஒதுக்க வேண்டியிருக்கும். இயற்பியலிலும் வேதியியலிலும் டி.ஏ. வேலைகள் நிறைய இருப்பதால் நிலைமை சற்று இளகும். 2025இல் அரசின் ஆய்வு நிதி வெட்டப்பட்டபோது பல துறைகள் இடங்களைக் குறைத்தன. கொடுத்த சேர்க்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்ட இடங்களும் உண்டு. இதையெல்லாம் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இடம் கிடைக்காமல் போவதற்கு உங்கள் தகுதியோடு தொடர்பே இல்லாத காரணங்களும் இருக்கும் என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொண்டால், நிராகரிப்புக் கடிதம் வரும்போது மனம் உடையாது.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். சேர்க்கைக் கடிதத்தில் கட்டண விலக்கும் உதவித்தொகையும் இல்லையென்றால் அந்த பிஎச்.டி.க்குப் போகாதீர்கள்.

அங்கே பிஎச்.டி. எப்படி நடக்கிறது?

நம் ஊரில் முதலில் கைடைப் பிடிக்க வேண்டும், பிறகுதான் பதிவு. அங்கே பெரும்பாலான அறிவியல் துறைகளில் முதலில் துறை உங்களைச் சேர்த்துக்கொள்ளும், நெறியாளரைப் பிறகுதான் தேர்ந்தெடுப்பீர்கள். உயிரியல் துறைகளில் முதலாண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வீதம் வேலை செய்துபார்ப்பார்கள். 'ரொட்டேஷன்' என்று அதைச் சொல்வார்கள். பேராசிரியருக்கு உங்களைப் பிடித்திருக்கிறதா என்பதோடு, உங்களுக்கு அவரைப் பிடித்திருக்கிறதா என்பதும் அங்கே தெரிந்துவிடும். முதல் இரண்டு ஆண்டுகளில் பாட வகுப்புகளும் உண்டு. பின்னர் தகுதித் தேர்வு. அதைத் தாண்டினால் முழுநேர ஆராய்ச்சி. மொத்தம் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் ஆகும். தகுதித் தேர்வில் தேறாதவர்களும், நடுவில் மனம் மாறியவர்களும் பல இடங்களில் முதுநிலைப் பட்டத்துடன் வெளியேறலாம்.

முதுநிலைப் பட்டம் இல்லாமல், இளநிலை முடித்ததுமே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் நம் மூன்றாண்டு பி.எஸ்சி.யைப் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் நான்காண்டுப் பட்டத்துக்கு ஈடாக ஏற்பதில்லை. எம்.எஸ்சி. முடித்தவர்களுக்கும், நான்காண்டுப் பட்டம் பெற்றவர்களுக்கும் இந்தத் தொல்லை இல்லை. இலங்கையில் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் முடித்தவர்களுக்கும் அப்படியே. மூன்றாண்டுப் பட்டம் மட்டும் இருந்தால் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் விதியையும் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அந்த மேசையில் கேட்கப்படும் கேள்வி

விண்ணப்பத்தை நுழைவுத் தேர்வு போல எண்ணிவிடுகிறோம். எவ்வளவு மதிப்பெண், எத்தனையாவது ரேங்க், கட்-ஆஃப் என்ன என்றே மனம் போகிறது. அங்கே கட்-ஆஃப் பட்டியல் கிடையாது. துறைப் பேராசிரியர்கள் சிலர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து உங்கள் காகிதங்களைப் படிக்கிறார்கள். அவர்களுடைய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பிள்ளையால் ஆராய்ச்சி செய்ய முடியுமா? விடை தெரியாத வேலையில், ஆறு மாதம் ஒன்றும் சரியாக வராதபோதும், விடாமல் யோசித்துக்கொண்டிருப்பாரா? மதிப்பெண் பட்டியல் இதற்குப் பதில் சொல்லாது. பாடம் தெரியும் என்று மட்டுமே சொல்லும். பதில் சொல்லக்கூடியவை இரண்டு: உங்கள் நோக்கக் கடிதமும் உங்களை அறிந்தவர்களின் பரிந்துரைக் கடிதங்களும்.

நோக்கக் கடிதத்தை எஸ்.ஓ.பி. என்பார்கள். ஒன்றிலிருந்து இரண்டு பக்கம். ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பரில் சில மாணவர்கள் என்னிடம் படித்துப் பார்க்கச் சொல்லித் தருவார்கள். பத்தில் எட்டுக் கடிதம் இப்படித்தான் தொடங்கும்: "சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியலில் தீராத ஆர்வம். உலகத்தரம் வாய்ந்த உங்கள் பல்கலைக்கழகத்தில் பயின்று சமுதாயத்துக்குத் தொண்டாற்ற விரும்புகிறேன்." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படிப்பவருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரிவதில்லை.

உயிர்வேதியியல் மாணவி ஒருத்தி இப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தாள். அவளிடம், "உன் புராஜெக்டில் எது சரியாக வரவில்லை?" என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினாள். பேசியதையே எழுதச் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது:

"ஒரு புரதத்தைத் தூய்மைப்படுத்துவது என் வேலை. புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒரே ஒரு பட்டை தெரிய வேண்டும். எனக்கோ அதற்குக் கீழே இன்னொரு மெல்லிய பட்டையும் தெரிந்தது. மூன்று வாரம் அதை வேறொரு புரதத்தின் கலப்படம் என்று நினைத்து, தூய்மைப்படுத்தும் முறையையே மாற்றி மாற்றிப் பார்த்தேன். மாதிரியை வெளியே வைத்திருந்த நாள்களில் கீழ்ப் பட்டை தடிப்பதையும் மேல் பட்டை மெலிவதையும் பிறகுதான் கவனித்தேன். என் புரதமே உடைகிறதோ என்று சந்தேகம் வந்தது. ஒரு பாதியில் புரதத்தை உடைக்கும் நொதிகளைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தேன், மறுபாதியில் சேர்க்கவில்லை. சேர்த்த பாதியில் கீழ்ப் பட்டை ஏறக்குறைய மறைந்துவிட்டது."

கண்டுபிடிப்பு பெரிதில்லை. எந்த ஆய்வகத்திலும் நடப்பதுதான். ஆனால் மேசையைச் சுற்றி இருப்பவர்களுக்கு வேண்டியது எல்லாம் இந்த ஒரு பத்தியில் இருக்கிறது. உற்றுப் பார்க்கத் தெரிகிறது, காரணத்தை ஊகிக்கத் தெரிகிறது, ஊகத்தைச் சோதிக்க மாதிரியை இரண்டாகப் பிரிக்கத் தெரிகிறது. மூன்று வாரம் தவறான வழியில் போனதை மறைக்காத நேர்மையும் இருக்கிறது. இதற்கு விலை உயர்ந்த கருவி தேவைப்படவில்லை. சிறிய ஊர்க் கல்லூரியில், பழைய கருவியை வைத்துக்கொண்டு வேலை செய்தவர்களிடம் இப்படிப்பட்ட கதைகள் ஏராளமாக இருக்கும். அவற்றைத் தாழ்வாக நினைத்து மறைத்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

கடிதத்தின் பின்பாதியில், அந்தத் துறையில் யாருடன், எந்தக் கேள்வியில் வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்று எழுத வேண்டும். இரண்டு மூன்று பேராசிரியர்கள் போதும். அவர்களுடைய சமீபத்திய கட்டுரைகளைப் படித்துவிட்டு எழுதுங்கள். பெயரை மட்டும் மாற்றி எட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே பத்தியை அனுப்பினால், படிப்பவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறோம் என்பவர்களிடம் போகவே போகாதீர்கள். உங்கள் ஜெல்லில் தெரிந்த இரண்டாவது பட்டை அவர்களுக்குத் தெரியாது.

பரிந்துரைக் கடிதம்: நம் பக்கம் அதிகம் கோட்டைவிடும் இடம்

மூன்று கடிதம் கேட்பார்கள். நாம் துறைத்தலைவர், முதல்வர் என்று பதவியைப் பார்த்துப் போகிறோம். உங்கள் முகமே நினைவில்லாத முதல்வர் எழுதும் "நன்னடத்தையுள்ள, கடின உழைப்பாளியான மாணவர்" என்ற கடிதத்தைவிட, ஆய்வகத்தில் உங்களோடு தினமும் நின்ற உதவிப் பேராசிரியர், "இவர் ஒரு நாள் என் கணக்கில் பிழை இருப்பதைக் காட்டினார்" என்று எழுதும் கடிதம் பல மடங்கு மேலானது. கோடை விடுமுறையில் வேறொரு நிறுவனத்தில் ஆய்வுப் பயிற்சி செய்திருந்தால் அங்கிருந்தும் ஒன்று வாங்குங்கள். இந்திய அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம் போன்றவை இதற்குத்தான் உதவும்.

"நீயே எழுதிக் கொண்டுவாம்மா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லும் ஆசிரியர்கள் நம்மிடையே நிறைய. பெரும்பாலும் வேலைப்பளுவால் சொல்வதுதான். ஆனால் மூன்று கடிதங்களும் ஒரே கை எழுதியவை என்பது படிப்பவருக்குப் புலப்படும், அது நேர்மையும் அல்ல. மரியாதையாக இப்படிக் கேட்கலாம்: "சார், உங்களிடம் நான் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் குறித்துத் தருகிறேன். உங்களுக்கு நேரம் இருக்கும்போது உங்கள் வார்த்தையில் எழுதித் தர முடியுமா?" என்ன பரிசோதனை, எந்த மாதம், எது தோற்றது, வகுப்பில் எத்தனையாவது இடம் என்று அந்தக் குறிப்பில் இருக்கட்டும். கடைசித் தேதிக்கு ஆறு வாரம் முன்பே கொடுங்கள். அவர்களுக்கு மின்னஞ்சலில் ஒரு இணைப்பு வரும், அதில்தான் கடிதத்தைப் பதிவேற்ற வேண்டும். கல்லூரி முகவரியிலிருந்து அனுப்பினால் நம்பகம் கூடும். விண்ணப்பத்தில், இந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். 1974ஆம் ஆண்டின் கல்விப் பதிவுச் சட்டம் மாணவர்களுக்குத் தரும் உரிமை அது. "ஆம்" என்று சொல்லுங்கள். அப்போதுதான் ஆசிரியர் மனம்விட்டு எழுதியது என்று கடிதத்தை நம்புவார்கள்.

தேர்வுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜி.ஆர்.இ. பொதுத் தேர்வை இப்போது பல அறிவியல் துறைகள் கேட்பதில்லை. கேட்கிற துறையும், கொடுத்தால் பார்க்கிற துறையும் உண்டு. 2023 செப்டம்பரிலிருந்து அது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான தேர்வாகிவிட்டது, மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். ஆங்கிலத் திறன் தேர்வுகளான டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். டி.ஏ. வேலை கொடுக்கும் துறைகள் அதில் பேச்சுப் பகுதியைத் தனியாகப் பார்க்கும். வகுப்பெடுக்கப் போவது நீங்கள் அல்லவா? மதிப்பெண்களை நீங்களாகவே நான்கு புள்ளி அளவைக்கு மாற்றாதீர்கள், பட்டியலில் உள்ளபடியே கொடுங்கள்.

எங்கே விண்ணப்பிப்பது?

தரவரிசைப் பட்டியலின் முதல் பத்துக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு, பத்தும் கைவிட்ட பிறகு அழுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரைவிடத் துறை முக்கியம், துறையைவிட ஆய்வகம் முக்கியம். பகுப்பாய்வு வேதியியல் என்றால் பர்டூ பல்கலைக்கழகம். அணுக்கருவியல் என்றால் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம், அரிய ஐசோடோப்புகளை உருவாக்கும் மாபெரும் முடுக்கி 2022 முதல் அங்கே இயங்குகிறது. ஒளியியலுக்கும் வானியலுக்கும் அரிசோனா, தாவர அறிவியலுக்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம். கொலராடோவின் போல்டர் நகரில்தான் 1995இல் எரிக் கார்னலும் கார்ல் வீமனும் கடுங்குளிரில் அணுக்கள் எல்லாம் ஒரே அணுபோல நடந்துகொள்ளும் போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருளை முதன்முதலாக உருவாக்கினார்கள். 2001இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அணு இயற்பியல் படிக்க விரும்புபவர் அந்த ஊரை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் பார்த்து வேறெங்கோ போவது இழப்பு.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1971இல் பரோடாவில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டுச் சேர்ந்தது ஓஹையோ பல்கலைக்கழகத்தில். யாரும் ஹார்வர்டுக்கு இணையாகச் சொல்லும் இடமல்ல அது. 1976இல் அங்கே முனைவர் பட்டம் பெற்று, பிறகு உயிரியல் கற்பதற்காகச் சான் டியேகோவில் மீண்டும் மாணவராக உட்கார்ந்தார். 2009இல் அவருக்குக் கிடைத்ததோ வேதியியல் நோபல்.

எட்டு முதல் பத்து இடங்கள் சரியான அளவு. கையில் பணம் குறைவென்றால் ஐந்து போதும், ஆனால் ஐந்துக்கும் உண்மையாக உழையுங்கள். ஒரு விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் 75 முதல் 125 டாலர் வரை ஆகும். நம் வீடுகளில் இது சிறிய தொகை இல்லை. ஆகவே ஒவ்வொரு துறையின் நிர்வாக அலுவலருக்கும், "கட்டண விலக்கு வெளிநாட்டு மாணவர்களுக்கு உண்டா?" என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் எழுதுங்கள். பல இடங்களில் இல்லை என்பார்கள், சில இடங்களில் கிடைக்கும். கேட்பதில் வெட்கம் வேண்டாம். பல்கலைக்கழக முத்திரையிட்ட மதிப்பெண் சான்றுகளையும் இப்போதே கூரியரில் அனுப்பிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். விண்ணப்பிக்கும்போது பெரும்பாலான இடங்களில் ஸ்கேன் பிரதி போதும், இடம் கிடைத்த பிறகுதான் அசல் கேட்பார்கள்.

பேராசிரியர்களுக்கு முன்கூட்டியே எழுத வேண்டுமா என்பது துறையைப் பொறுத்தது. சூழலியல், புவியறிவியல் போன்றவற்றில் நெறியாளர் ஒப்புக்கொண்டால்தான் சேர்க்கை. அங்கே செப்டம்பரிலேயே எழுதியாக வேண்டும். குழுவாகச் சேர்க்கும் துறைகளில் இது கட்டாயமில்லை. எழுதினால் ஐந்து வாக்கியத்துக்குள் எழுதுங்கள். அவருடைய கட்டுரை ஒன்றில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி, நீங்கள் செய்த வேலை இரண்டு வரி, இந்த ஆண்டு மாணவர் எடுக்கிறாரா என்ற வினா. ஐம்பது பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் "ரெஸ்பெக்டட் சார்" கடிதத்தை யாரும் திறப்பதில்லை. அந்த "சார்" பல முறை ஒரு பெண் பேராசிரியருக்குப் போய்ச் சேர்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

டிசம்பரிலிருந்து ஆகஸ்ட் வரை

கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் 1க்கும் 15க்கும் இடையில் வரும். சில துறைகளில் ஜனவரி. ஜனவரி, பிப்ரவரியில் காணொளி நேர்காணல் இருக்கலாம். உங்கள் ஆய்வைப் பற்றித்தான் கேட்பார்கள். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லி, எப்படித் தெரிந்துகொள்வேன் என்று யோசித்துக் காட்டினால் அவர்களுக்குப் பிடிக்கும்.

முடிவுகள் மார்ச்சுக்குள் பெரும்பாலும் வந்துவிடும். உதவித்தொகையோடு வரும் சேர்க்கையை ஏற்பதா வேண்டாமா என்று ஏப்ரல் 15 வரை யோசிக்கலாம். அமெரிக்கப் பட்டமேற்படிப்புக் கல்விக்கூடங்களின் கூட்டமைப்பு கொண்டுவந்த தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்களுக்கு இது பொது ஒப்பந்தம். அதற்கு முன் யாராவது அவசரப்படுத்தினால் அந்த ஒப்பந்தத்தைச் சொல்லி அவகாசம் கேளுங்கள். உதவித்தொகைத் தொகையைப் பார்க்கும்போது அது ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா என்று கவனியுங்கள். ஒன்பது மாதத் தொகை என்றால் கோடையில் என்ன செய்வது என்று கேட்டுக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். கட்டண விலக்குக்குப் பிறகும் பருவம்தோறும் சில நூறு டாலர் 'ஃபீஸ்' என்று பிடிக்கும் இடங்களும் உண்டு. சிறிய நகரத்தில் குறைந்த தொகை, சான் பிரான்சிஸ்கோவில் கிடைக்கும் பெரிய தொகையைவிட நிம்மதியாக வாழவைக்கும். அங்கே படிக்கும் மாணவர்களிடம் வாடகையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். வேண்டாம் என்று தீர்மானித்த இடத்துக்கு உடனே சொல்லிவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் உங்களைப் போல ஒருவர் தூங்காமல் இருப்பார்.

இடத்தை ஏற்றதும் பல்கலைக்கழகம் ஐ-20 என்ற படிவத்தை அனுப்பும். பிறகு வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடான செவிஸுக்குக் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். விசா விதிகளும் கட்டணங்களும் அண்மைக் காலத்தில் அடிக்கடி மாறுவதால், கட்டும் நாளில் அரசு இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் என்ன ஆராய்ச்சி செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால், உங்கள் பாட்டிக்குச் சொல்வது போல இரண்டு வாக்கியத்தில் சொல்லிப் பழகியிருங்கள். செலவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு உதவித்தொகைக் கடிதமே பதில்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். முதற்பெயர் இடத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமாக எஃப்.என்.யு. என்று அச்சாகும். பிறகு வங்கிக் கணக்கிலிருந்து ஓட்டுநர் உரிமம் வரை அதைச் சரிசெய்வதே வேலையாகிவிடும். ஆகவே விண்ணப்பம் தொடங்குவதற்கு முன்பே, டோஃபல் பதிவுக்கும் முன்பே, பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயரையோ அம்மாவின் பெயரையோ குடும்பப் பெயராக விரித்துப் போட்டுவிடுங்கள். அதே எழுத்துக்கூட்டல் எல்லாக் காகிதத்திலும் இருக்கட்டும்.

படிப்பு தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால், பெரும்பாலோர் ஆகஸ்ட்டில்தான் போய் இறங்குவார்கள். முதல் உதவித்தொகை கைக்கு வர செப்டம்பர் இறுதிகூட ஆகலாம், வீட்டுக்காரரோ முதல் நாளே முன்பணமும் வாடகையும் கேட்பார். எனவே ஒன்றரை மாதச் செலவுக்கான டாலரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கடன் என்று வாங்கினால் அது ஒன்றுக்குத்தான் வாங்க வேண்டியிருக்கும் என்று அந்த மளிகைக் கடைக்காரரின் மகளிடம் சொன்னேன். அவள் அந்தத் தொகையைத் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டாள்.